மருந்துவழி இதயப் பளுச் சோதனையில் நோயாளர் அனுபவம்: உணர்வும் சொல்லும்

ஆய்வுச்சுருக்கம்

நடைப்பயிற்சிக் கருவியில் நடக்க இயலாத நோயாளர்க்கு, மருந்தைச் சிரைவழிச் செலுத்தி இதயத் தசையின் குருதியோட்டத்தை அறியும் முறை மருந்துவழி இதயப் பளுச் சோதனையாகும். இச்சோதனையின்போது நோயாளர் உணரும் நெஞ்சடைப்பு, மூச்சுவாங்கல், படபடப்பு ஆகியவை பெரும்பாலும் மருந்தின் எதிர்பார்க்கப்பட்ட விளைவுகளே. எனினும் காரணம் அறியாத நோயாளர்க்கு அவை பேரச்சம் தருகின்றன. சோதனை முடிவின் நம்பகத்தன்மையும் நோயாளரின் பாதுகாப்பும் அவர் சொல்லும் சொற்களைப் பெரிதும் சார்ந்துள்ளன. மருந்துகள் இயங்கும் முறை, அவை தோற்றுவிக்கும் உணர்வுகள், அவற்றைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களின் பொருள் மயக்கம் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. முன்விளக்கம் சோதனையின் ஓர் உறுப்பு என்பதையும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: இதயப் பளுச் சோதனை, அடினோசின், ரெகடெனோசன், டோபுட்டமின், நோயாளர் அனுபவம், மருத்துவத் தமிழ், முன்விளக்கம்

முன்னுரை

இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனிகளில் அடைப்பு இருப்பினும், ஓய்வு நிலையில் அது வெளிப்படாதிருக்கலாம். குருதியின் தேவை உயரும்போதே குறை தெரியவரும். இதன் அடிப்படையில் உருவானதே 'டிரெட்மில்' என வழங்கும் நடைப்பயிற்சிக் கருவிச் சோதனை. 1960-களில் அமெரிக்க இதயநோய் மருத்துவர் இராபர்ட் புரூஸ் வகுத்த முறையில், மூன்று நிமிடத்திற்கு ஒருமுறை கருவியின் வேகமும் சாய்வும் கூட்டப்படுகின்றன. இன்றும் அம்முறை பரவலாகப் பின்பற்றப்படுகிறது.

ஆனால் அனைவராலும் அக்கருவியில் நடக்க இயலாது. மூட்டுத் தேய்மானம், பக்கவாதம், கால் இழப்பு, கால் தமனி அடைப்பு, முதுமைத் தளர்ச்சி ஆகியவற்றால் நடை குன்றியோர்க்கு வேறு வழி தேவைப்பட்டது. மருந்தே அவ்வழியாயிற்று. டைபிரிடமோல் என்னும் மருந்தால் இதயத் தமனிகளை விரித்து, கதிரியக்கத் தடங்காட்டியால் படமெடுக்கும் முறையைக் கே. லான்ஸ் கூல்டும் அவருடன் பணியாற்றியோரும் 1978-இல் வெளியிட்டனர். அடினோசின், டோபுட்டமின், ரெகடெனோசன் ஆகியவையும் இப்பணிக்குப் பயன்படலாயின.

இவ்விரு சோதனைகளுக்கும் நோயாளர் நோக்கில் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. கருவியில் நடப்பவருக்கு மூச்சு வாங்கினால் அதன் காரணம் அவருக்கே தெரியும். தாம் விரைந்து நடப்பதால் வாங்குகிறது. இயலாதபோது 'போதும்' என்று கூறி நிறுத்தவும் முடியும். மருந்துவழிச் சோதனையிலோ அவர் அசையாது படுத்திருக்கிறார். கண்ணுக்குத் தெரிந்த காரணம் ஏதுமின்றி நெஞ்சு அடைக்கிறது, முகம் சூடேறுகிறது, மூச்சு வாங்குகிறது. உழைப்பு தந்த விளக்கம் இங்கு இல்லை. அவ்விடத்தை மருத்துவக் குழுவினரின் சொல்லே நிரப்பவேண்டியுள்ளது.

1. சோதனையின் பெயரும் பொருளும்

'ஸ்ட்ரெஸ் டெஸ்ட்' என்னும் பெயர் தமிழில் 'அழுத்தச் சோதனை' எனப் பெயர்க்கப்படுவதுண்டு. 'அழுத்தம்' என்னும் சொல் பொதுவழக்கில் 'இரத்த அழுத்தம்', 'மன அழுத்தம்' என்னும் இரு தொடர்களில் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. ஆதலால் இதனை இரத்த அழுத்தம் அளக்கும் சோதனையாகவோ, மனக்கவலையை ஆராயும் சோதனையாகவோ நோயாளர் கருத இடமுண்டு. 'பளு' என்னும் சொல் இதயத்தின்மீது ஏற்றப்படும் வேலையைச் சுட்டுவதால் இக்கட்டுரையில் அதுவே ஆளப்படுகிறது. அடினோசின் வகை மருந்துகள் இதயத்தின் உழைப்பைப் பெரிதும் கூட்டுவதில்லை, குருதியோட்டத்தையே கூட்டுகின்றன. எனவே 'பளு' என்பதும் முழுமையாகப் பொருந்துவதன்று. எனினும் பொருள் மயக்கம் குறைந்த சொல் அதுவே.

'வேதிப்பொருள்', 'இரசாயனம்' என்னும் சொற்கள் பூச்சிக்கொல்லி, சாயக்கழிவு போன்றவற்றை நினைவூட்டுவன. 'மருந்துவழி' என்பது அத்தகைய அச்சத்தைத் தருவதில்லை. கதிரியக்கப் படப்பிடிப்புடன் நிகழும் சோதனையை மருத்துவமனை வழக்கு 'தாலியம் டெஸ்ட்' என்கிறது. தாலியத்திற்கு மாற்றாக, 6 மணிநேர அரையாயுள் கொண்ட டெக்னீசியம் இன்று பரவலாகப் பயன்படினும் பழைய பெயர் நிலைத்துவிட்டது.

2. மருந்துகள் இயங்கும் முறை

2.1. தமனியை விரிக்கும் மருந்துகள்

அடினோசின் உடலில் இயல்பாகவே உள்ள பொருள். இதயத்தின்மீது அதன் விளைவுகளை ட்ரூரி, சென்ட்-கியார்கி ஆகிய இருவரும் 1929-இல் விவரித்தனர். சிரைவழிச் செலுத்தப்படும்போது அது இதயத் தமனிகளை விரிக்கிறது. நலமான தமனியில் குருதியோட்டம் ஏறத்தாழ மூன்று முதல் நான்கு மடங்காகிறது. குறுகிய தமனியோ அடைப்பை ஈடுசெய்ய ஓய்வு நிலையிலேயே தன் விரிதிறனைச் செலவிட்டுவிட்டது. எனவே அங்கு ஓட்டம் அவ்வளவு கூடுவதில்லை. இவ்வேறுபாடே தடங்காட்டிப் படத்தில் ஒளி குறைந்த பகுதியாகத் தோன்றுகிறது.

அடினோசின் வழக்கமாக உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நிமிடத்திற்கு 140 மைக்ரோகிராம் வீதம் 4 முதல் 6 நிமிடங்கள் செலுத்தப்படுகிறது. குருதியில் அதன் அரையாயுள் 10 நொடிக்கும் குறைவு. அமெரிக்காவில் 2008-இல் ஒப்புதல் பெற்ற ரெகடெனோசனோ எடையைக் கணக்கிடாமல் 400 மைக்ரோகிராம் என்னும் ஒரே அளவில் ஏறத்தாழ 10 நொடிகளில் செலுத்தப்படுகிறது. முன்னதன் விளைவு நிறுத்தியவுடன் விரைந்து தணிகிறது. பின்னதன் விளைவு சற்று நீடிக்கிறது.

2.2. இதயத் துடிப்பை உயர்த்தும் மருந்து

டோபுட்டமின் உடற்பயிற்சியைப் போலவே இதயத்தின் துடிப்பையும் சுருங்கும் விசையையும் கூட்டுகிறது. மூன்று நிமிடத்திற்கு ஒருமுறை அளவு உயர்த்தப்பட்டு, கிலோகிராமுக்கு நிமிடத்திற்கு 40 மைக்ரோகிராம் வரை செல்கிறது. 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணின் 85 விழுக்காடு இலக்காகக் கொள்ளப்படுகிறது. அறுபது வயதினர்க்கு இது நிமிடத்திற்கு 136 துடிப்பு. இலக்கை எட்டாதபோது அட்ரோபின் சேர்க்கப்படுவதுண்டு. பெரும்பாலும் எக்கோ படத்துடன் இச்சோதனை நிகழ்கிறது.

3. நோயாளர் உணர்வன

ரெகடெனோசன் செலுத்தப்பட்டோரிடம் பதிவான விளைவுகளில் மூச்சுவாங்கலும் தலைவலியும் முதன்மையானவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு ஏற்பட்டது. முகம் சிவந்து சூடேறுதல், நெஞ்சில் அசௌகரியம், தலைசுற்றல், குமட்டல் ஆகியவை அடுத்து வருகின்றன. பெரும்பாலானவை 15 நிமிடங்களுக்குள் நீங்குகின்றன. தலைவலி மட்டும் அரைமணி வரை நீடிக்கக்கூடும். அடினோசினிலும் இவை நேர்கின்றன. ஆனால் மருந்து ஏறும் சில நிமிடங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. மருந்தேறும்போது கால்களை மெல்ல அசைத்தல் அல்லது இயன்றவர் மெதுவாக நடத்தல் இவ்வுணர்வுகளைக் குறைக்கிறது.

இவற்றுள் நோயாளரை மிகவும் கலங்கச் செய்வது நெஞ்சுவலியே. மாரடைப்பை ஐயுற்று வந்தவருக்குச் சோதனை மேசையிலேயே நெஞ்சு வலித்தால், தாம் அஞ்சியது நிகழ்ந்துவிட்டதாகவே தோன்றும். அடினோசின் வலியுணர் நரம்பு முனைகளை நேரடியாகத் தூண்டவல்லது. எனவே தமனியில் அடைப்பே இல்லாதவர்க்கும் வலி வரலாம். வலி வந்ததனால் மட்டும் அடைப்பு உறுதியாவதில்லை. 'உயிர் போய்விடுமோ' என்னும் திகிலையும் இம்மருந்து சிலரிடம் தோற்றுவிப்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. அத்திகிலை நோயாளரின் மனத்தளர்ச்சி எனக் கொள்வது பிழை. அது மருந்தின் விளைவு.

டோபுட்டமின் தரும் அனுபவம் வேறுவகையானது. இங்கு உணர்வுகள் படிப்படியாக ஏறுகின்றன. படபடப்பு, கைநடுக்கம், தலைவலி ஆகியவை தோன்றும். அட்ரோபின் சேர்த்தால் வாய் உலரும். துரத்தப்பட்டு ஓடியவரைப் போல நெஞ்சு அடித்துக்கொள்ள, உடலோ படுத்தே இருக்கும். இச்சோதனையில் தோன்றும் நெஞ்சுவலி இதயத் தசைக்குக் குருதி போதாமையைச் சுட்டக்கூடும் என்பதால் அதன் பொருள் அடினோசின் வலியினின்றும் வேறுபடுகிறது.

இடர் அறவே இல்லை என்று கூறவியலாது. அடினோசின், ரெகடெனோசன் ஆகியவற்றால் அரிதாக மாரடைப்பும் இறப்பும் நேர்ந்ததைச் சுட்டி, நிலையற்ற நெஞ்சுவலி உடையோர்க்கு அவற்றைத் தவிர்க்குமாறு அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2013 நவம்பரில் எச்சரித்தது. இதன் பொருட்டே சோதனை முழுவதும் மின்னலை வரைவும் இரத்த அழுத்தமும் கண்காணிக்கப்படுகின்றன. டைபிரிடமோல், அடினோசின், ரெகடெனோசன் ஆகியவற்றின் விளைவை மாற்ற அமினோபிலினும், டோபுட்டமினுக்குப் பீட்டா தடுப்பு மருந்தும் ஆயத்தமாக வைக்கப்படுகின்றன.

4. காபித் தடையும் சொல்லப்படாத உண்மையும்

காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபின், அடினோசின் சென்று பொருந்தவேண்டிய ஏற்பிகளை மறித்துக்கொள்கிறது. மருந்து ஏறினும் தமனி போதிய அளவு விரியாது. அடைப்புள்ள பகுதிக்கும் நலமான பகுதிக்கும் வேறுபாடு தெளிவாகத் தெரியாது. நோய் இருந்தும் இல்லையெனப் படம் காட்டக்கூடும். ஆதலால் குறைந்தது 12 மணிநேரம், பல மையங்களில் 24 மணிநேரம், காஃபின் தவிர்க்கப்படுகிறது.

'வெறும் வயிற்றில் வாருங்கள்' என்னும் அறிவுரை இதற்குப் போதாது. காபியை உணவாகக் கருதாத வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் உண்டு. 'ஒன்றும் சாப்பிடவில்லை, ஒரு வாய் காபி மட்டும்' என்பது அவ்வழக்கின்படி உண்மையான விடையே. சாக்லேட், கோலா பானங்கள், சில தலைவலி மாத்திரைகள் ஆகியவற்றிலும் காஃபின் உண்டு. மூச்சிரைப்புக்குத் தரப்படும் தியோபிலினும் இதேபோல் இயங்குவது. காரணம் விளக்கப்பட்டால் நோயாளர் இவற்றைத் தாமே நினைவுகூர்ந்து கூறுவர். காரணமின்றி விதிக்கப்பட்ட தடை மீறப்படும்போது, கடிந்துகொள்வார்களோ என்னும் தயக்கத்தால் மறைக்கவும்படுகிறது. அவ்வாறு மறைக்கப்பட்ட ஒரு குவளைக் காபி, அடைப்புள்ள ஒருவரை 'நலம்' என்னும் அறிக்கையுடன் வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும்.

5. உணர்வைக் குறிக்கும் சொற்களின் பொருள் மயக்கம்

சோதனையின்போது நோயாளர் கூறும் சில சொற்கள் இருபொருள் தருவன.

மயக்கம்: பேச்சுவழக்கில் இச்சொல் தலைசுற்றலையும் குறிக்கும்; நினைவிழத்தலையும் குறிக்கும். முன்னது இம்மருந்துகளில் பொதுவானது; பின்னது உடனடிக் கவனம் வேண்டுவது. 'மயக்கமாக வருகிறது' என்பவரிடம் 'சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா' எனக் கேட்பது தேவையாகிறது.

இளைப்பு: இது களைப்பால் வரும் மூச்சுவாங்கலையும், ஆஸ்துமா நோயையும் சுட்டும். இலங்கைத் தமிழில் ஆஸ்துமா 'தொய்வு', 'முட்டு' எனவும் வழங்கும். 'மூச்சு முட்டுகிறது' என்பதோ எவ்வகை மூச்சடைப்புக்கும் பொது. மூச்சிரைப்பு உள்ள நிலையில் அடினோசின் மூச்சுக்குழலைச் சுருக்கக்கூடும் என்பதால், இவ்வேறுபாடு மருந்தின் தேர்வையே மாற்றவல்லது.

வாயு: நெஞ்சில் தோன்றும் எவ்வகை அசௌகரியத்தையும் 'வாயு' என்றும் 'கேஸ்' என்றும் கூறும் வழக்கு பரவலானது. 'வலி இருக்கிறதா' என்னும் கேள்விக்கு 'இல்லை' என விடையளிப்பவர், 'அடைப்பு, இறுக்கம், பாரம் ஏதும் உண்டா' எனக் கேட்டால் 'உண்டு' எனக் கூறலாம்.

6. முன்விளக்கத்தின் இயல்பு

முன்விளக்கம் நான்கு செய்திகளைக் கொண்டிருத்தல் வேண்டும்: வரக்கூடிய உணர்வு, அதன் காரணம், அது நீடிக்கும் காலம், நோயாளர் செய்யவேண்டியது. ஒப்புதல் படிவத்தின் எழுத்துத் தமிழைக் காட்டிலும் நேர்ப்பேச்சே இதற்குப் பொருந்தும். அடினோசின் சோதனைக்கு முன் செவிலியர் பின்வருமாறு கூறலாம்:

"அம்மா, இந்த மருந்து ஏற ஆரம்பிச்சதும் முகம் சூடாகும், நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கும், மூச்சு வாங்கும். அது மருந்தோட வேலை. நிறுத்தின ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல குறைஞ்சிடும். நாங்க பக்கத்துலயே இருக்கோம். எது வந்தாலும் பொறுத்துக்காம அப்பவே சொல்லுங்க."

இறுதித் தொடர் இன்றியமையாதது. 'எல்லாம் வரும், பயப்படாதீர்கள்' என்று மட்டும் கூறினால், சொல்லவேண்டிய வலியையும் நோயாளர் பொறுத்துக்கொள்ள நேரிடும். அச்சத்தைத் தணிப்பதும் வாயைத் திறக்கச் செய்வதும் ஒருங்கே நிகழவேண்டும்.

முடிவுரை

மருந்துவழி இதயப் பளுச் சோதனையில் நெஞ்சடைப்பும் மூச்சுவாங்கலும் பெரும்பாலும் மருந்தின் குறுகிய கால விளைவுகள். உழைப்பின்றித் தோன்றுவதால் அவற்றின் காரணத்தை நோயாளர் தாமே அறிய இயலாது. முன்விளக்கம் அக்குறையை நிரப்புகிறது.

காபித் தடை காரணத்துடன் விளக்கப்படாதபோது சோதனை முடிவு பிழைபட வாய்ப்புண்டு. மயக்கம், இளைப்பு, வாயு முதலிய பொதுவழக்குச் சொற்கள் இருபொருள் தருவதால் அவற்றைப் பிரித்தறியும் துணைவினாக்கள் தேவைப்படுகின்றன. இத்தகைய சொற்களை வட்டாரவாரியாகத் தொகுப்பது மருத்துவத் தமிழ் ஆய்வின் உடனடிப் பணிகளுள் ஒன்றாகக் கொள்ளத்தக்கது.

மின்னலை வரைவும் தடங்காட்டிப் படமும் இதயத்தின் நிலையைக் காட்டுகின்றன. காலையில் அருந்திய காபியையும், முன்பு வந்துபோன இளைப்பையும், அந்நொடியில் எழும் அச்சத்தையும் நோயாளரே சொல்லவேண்டும். அவர் தயங்காது சொல்லும் நிலையை உருவாக்குவது மருத்துவக் குழுவினரின் பொறுப்பாகும்.