பரவல்முறைச் சமூக வலைத்தளமும் மொழிச் சான்றுகளும்

சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பதிப்பிக்க இயன்றமைக்கு, அதன் ஏடுகள் பல ஊர்களில் பலரிடத்து இருந்தமை பெருங்காரணமாகும். ஓர் ஏட்டில் சிதைந்ததைப் பிறிதோர் ஏடு நிரப்பிற்று.

இக்கால எழுத்தின் நிலை வேறு. யாஹூ குழுக்களில் தமிழர் பல்லாண்டுகள் நிகழ்த்திய இலக்கிய உரையாடல்கள், 2020இல் அப்பணி முற்றும் மூடப்பெறுமுன்னரே தளத்தினின்றும் நீக்கப்பெற்றன. காவலிடம் ஒன்றேயாதலின் இழப்பும் பெரிதாயிற்று.

2016இல் தோன்றிய மாஸ்டடான் இதற்கு மாற்றாவது. இதன் மென்பொருள் யாவர்க்கும் பொது. கல்லூரியோ சங்கமோ, பதிவுகளைத் தாங்கும் சேவையகம் ஒன்றைத் தனக்கென அமைத்துக்கொள்ளலாம். 2018இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்புப் பரிந்துரைத்த ஆக்டிவிட்டிபப் என்னும் பொதுநெறியால், ஒரு சேவையகத்தார் பிற சேவையகத்தாரோடு, மின்னஞ்சலிற்போலவே, தடையின்றி உரையாடுவர்.

எனினும் பரவல் மட்டுமே காவலாகாது. பேணுவார் கைவிடின் சேவையகமும் அழியும். மாஸ்டடானில் ஒருவர் வேறு சேவையகத்திற்குப் பெயருங்கால் பின்தொடர்வோர் உடன்வருவர், பழம்பதிவுகள் வாரா. ஏடுகளும் படியெடுப்பார் இருந்தமையாலன்றோ நிலைத்தன?

இது மொழியாய்வாளர் கருதற்குரியது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பன்மொழித் தொழிலாளரிடையே வழங்கும் தமிழை நாளை ஆராய்வார்க்கு, அவர்தம் இன்றைய பதிவுகளும் சான்றாகும். ஆதலின், தமிழ்த்துறைகள் தாமே சேவையகம் அமைத்தலும், எழுதியோர் இசைவுடன் பதிவுகளைப் படியெடுத்துப் பல நூலகங்களில் வைத்தலும் வேண்டும்.