14 வயதில் கிளைடர்: பெற்றோருக்கு அதில் என்ன வேலை?

ஜெர்மனியில் தனியாகக் கார் ஓட்ட 18 வயது ஆகணும். ஆனால் எஞ்சின் இல்லாத கிளைடரில் தனியாகப் பறக்க, பயிற்றுநர் ஒப்புக்கொண்டால் 14 வயதே போதும். உரிமம் கிடைப்பது 16-ல். கேட்டதும் பெற்றோருக்கு வயிறு கலங்கும். அது நியாயமான பயம்தான். அதனால் அங்கே என்ன நடக்குதுன்னு முதலில் பார்ப்போம்.

அங்கே பெரும்பாலும் கிளப்களில்தான் பயிற்சி. பயிற்றுநர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். தரையில் இருக்கும் வின்ச் கயிற்றைச் சுற்றி இழுக்க, கிளைடர் பட்டம் மாதிரி 400 மீட்டர் வரை ஏறும். ஏறுகாற்று கிடைக்கலேன்னா சில நிமிஷத்தில் தரைக்கு வந்துடும். ஒரு நாள் முழுக்க இருந்தும் மூணு தடவைதான் பறக்க முடிஞ்சுது என்பது சாதாரணம். மீதி நேரமெல்லாம் கிளைடரைத் தள்ளுவது, இறக்கை நுனியைப் பிடிப்பது, குறிப்பேடு எழுதுவது. இதுவும் பயிற்சிதான்.

"கயிறு அறுந்துட்டா?" என்பதுதான் எல்லா அம்மா அப்பாவும் கேட்கும் கேள்வி. அதையும் பழக்குவாங்க. சொல்லாமலே பயிற்றுநர் கயிற்றைக் கழற்றிவிடுவார். உடனே மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்கணும். அப்புறம்தான் நேரே இறங்குவதா, சின்னதாக ஒரு சுற்று வருவதா என்று உயரத்தைப் பார்த்து முடிவு செய்யணும். எஞ்சின் இல்லாததால், தரையிறங்கும்போது தப்பு நடந்தால் மறுபடி மேலே ஏறிச் சுற்றி வர முடியாது.

அப்போ பெற்றோரின் வேலை? நல்ல தூக்கம், தண்ணீர், தொப்பி, போக்குவரத்து. இதெல்லாம் சுலபம். கஷ்டமானது ஒண்ணு இருக்கு. ஒரு மணி நேரம் கார் ஓட்டிக் கூட்டிட்டுப் போன பிறகு, "இன்னிக்கு மனசு ஒரு நிலையில இல்ல, நான் பறக்கல"ன்னு பிள்ளை சொல்லும். அப்போ உங்க முகம் சுளிச்சா, அடுத்த தடவை அது சொல்லாது; சரியில்லாமலே ஏறி உட்காரும். "எப்போ தனியா விடுவாங்க?"ன்னு வாராவாரம் கேட்பதும் அதே அழுத்தம்தான். ஒருத்தருக்கு 50 பறப்பு போதும், இன்னொருத்தருக்கு அதைவிட நிறைய ஆகும். அதைப் பயிற்றுநர் பார்த்துக்கட்டும்.

முதல்முறை தனியாகப் பறந்து இறங்கினவருக்கு அங்கே முள்செடியும் காட்டுப்பூவும் கலந்த கொத்து கொடுப்பது வழக்கம். பறக்காமலே திரும்பி வந்த நாளில், "சரிடா, நல்ல முடிவு"ன்னு சொல்லியிருந்தால், அந்தக் கொத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.