வரிச்சுப் பாய்

முக்கோணப் பாய், கம்பிகள் பாய்மரத்தை இழுக்க, மரம் படகின் அடியை அழுத்த, எல்லாமே விறைப்பில் நிற்கும் அமைப்பாகும். சீனக் கடலோரத்து ஜங்க் மரக்கலங்களின் பாய் இதற்கு நேர்மாறானது. ஓட்டுக்கூரையில் வரிச்சு அடிப்பதுபோலப் பாயின் குறுக்கே விளிம்பிலிருந்து விளிம்புவரை மூங்கில்கள் கட்டப்படுவதால், துணி பல கட்டங்களாகப் பிரிந்து, காற்றின் சுமை ஓரிடத்தில் குவியாமல் பரவுகிறது. எட்டடி, பத்தடி நீளத்தில் ஒட்டுப்பலகைப் படகு ஒன்றைத் தம் கையாலேயே செய்துகொள்பவர்களில் சிலர் இப்பாயை விரும்புவதற்கு முதற்காரணம் இதுவே. இழுவிசை குறைவு என்பதால் தார்ப்பாயும் மூங்கிலும் சாதாரணக் கயிறுமே போதுமானவை, துணி கிழிந்தாலும் கிழிசல் பெரும்பாலும் அடுத்த வரிச்சோடு நின்றுவிடும்.

பாயின் தலையில் இருக்கும் குறுக்குக்கழி பருமல் எனவும், அதை மேலேற்றும் கயிறு ஆஞ்சான் எனவும், பாயின் கோணத்தை மாற்றும் கயிறு தாமான் எனவும் வழங்கும். முக்கோணப் பாயில் தாமான் ஒரு மூலையை மட்டுமே பிடிக்க, வரிச்சுப் பாயில் வரிச்சுகளின் பின்முனைகளிலிருந்து இறங்கும் கிளைக்கயிறுகள் ஒன்றுகூடி ஒரே கயிறாகப் படகோட்டியின் கைக்கு வருகின்றன. காற்று வலுக்கும்போது ஆஞ்சானைச் சற்று நெகிழ்த்தினால், பாய் தன் எடையாலேயே இறங்கி, கீழ்க்கட்டம் மடிந்து, இருபுறமும் தொங்கும் தாங்குகயிறுகளின் மடியில் அமர்ந்துகொள்கிறது. ஆள் எழுந்து நின்றாலே சாயும் சிறுபடகில், உட்கார்ந்தபடி பாய் சுருக்க முடிவது அற்பச் சலுகையன்று.

இவ்வெளிமையை மேலைநாட்டுப் படகோட்டிகளின் கண்முன் நிறுத்தியவர், 1942இல் மடிப்புத் தோணிகளில் சென்று போர்தோ துறைமுகக் கப்பல்களைத் தாக்கிய பிரிட்டானியப் படையின் தலைவர் ஹாஸ்லர். 1960இல் பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்கு நடந்த, ஒற்றை ஆள் மட்டுமே செலுத்தும் முதல் அட்லாண்டிக் போட்டியில், 25 அடி நீளமுள்ள 'ஜெஸ்டர்' என்னும் படகை ஒற்றை வரிச்சுப் பாயோடு செலுத்தி, 48 நாட்களில் இரண்டாவதாகக் கரைசேர்ந்தார். 40 நாட்களில் வென்ற சிச்செஸ்டரின் படகு ஏறத்தாழ 40 அடி நீளமுடையது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எட்டு நாள் பின்னடைவின் அளவு விளங்கும். மேல்தளத்துக்கு ஏறாமல், நடுவிலிருந்த திறப்பில் நின்றே கயிறுகள் அனைத்தையும் கையாளும்படி ஹாஸ்லர் படகை அமைத்திருந்தார்.

குறை இல்லாமலில்லை. தட்டையாகத் தைத்த பாய், காற்றை எதிர்த்து ஏறுவதில் முக்கோணப் பாய்க்குப் பின்தங்கும். இதைச் சரிசெய்ய, இன்றைய படகுக்காரர்கள் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே வெட்டி, சற்று வயிறு விட்டுத் தைத்து, பின்னர் வரிச்சோடு சேர்க்கின்றனர். ஏற்றம் தெளிவாகக் கூடுகிறது, தையல் வேலையும் அதற்கேற்ப நீள்கிறது. தாங்குகம்பி இல்லாத பாய்மரமோ முழுச் சுமையையும் தன் அடியில்தான் இறக்குகிறது. ஆகவே மரம் நுழையும் குறுக்குப்பலகையும், அதன் அடிமுனை பொருந்தும் அடிக்கட்டையும் படகின் மற்றெந்த இணைப்பையும்விடக் கெட்டியாக இருத்தல் வேண்டும். பாயில் மிச்சப்படுத்திய பணத்தை இங்கே செலவிடலாம்.