உங்களுக்குத் தெரியுமா? அமிர்தி மானும் காமிக்ஸ் மானும்

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. அங்குள்ள சிறு விலங்கியல் பூங்கா 1967-இல் தொடங்கப்பட்டது. அங்கே போய்ப் புள்ளிமானைச் செல்போனில் பிடிக்காதவர் அபூர்வம். அந்த ஒரு போட்டோவில் இடம்பெறக்கூடிய நிறங்கள் எத்தனை தெரியுமா? சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா 256 படிகள். பெருக்கினால் 1,67,77,216! அந்தப் போட்டோவைக் காமிக்ஸ் படமாக்க, போட்டோஷாப்பில் ‘போஸ்டரைஸ்’ பகுதிக்குப் போய்ப் படிகள் 4 என்று கொடுங்கள். மிஞ்சுவது அதிகபட்சம் 64 நிறம். காமிக்ஸ் களை அப்போதே வந்துவிடும்.

*

அதற்கு முன் படத்தைக் கொஞ்சம் வழுவழுப்பாக்க வேண்டும். இல்லாவிட்டால் புல்லும் சருகும் திட்டுத்திட்டாகப் பிசிறடிக்கும். ஓரங்களைக் கலைக்காமல் நடுப்பகுதியை மட்டும் மழுக்கும் ‘பைலேட்டரல் ஃபில்டர்’ முறைக்கு அந்தப் பெயரைத் தந்தது 1998-இல் டொமாசி, மண்டூச்சி இருவரும் வெளியிட்ட கட்டுரை. அளவு மீறினால் மானின் புள்ளிகளும் போய்விடும். அப்புறம் அது கன்றுக்குட்டியா மானா என்று நாம்தான் விளக்க வேண்டியிருக்கும்.

*

காமிக்ஸ் படத்தின் கறுப்புக் கோடு எங்கிருந்து வருகிறது? மென்பொருளுக்கு மானும் தெரியாது, மரமும் தெரியாது. வெளிச்சம் சட்டென்று மாறும் இடத்தில் கோடு போடும், அவ்வளவே. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளின் ‘கார்ட்டூன்’ ஃபில்டரும் ஓரங்களை இப்படித்தான் கறுப்பாக்குகிறது. கம்பி வலைக்கு வெளியே நின்று எடுத்த படம் என்றால் தொலைந்தது: மானின் கண்ணைவிட வலைக்குத்தான் அழுத்தமான கோடு விழும். பூங்கா அனுமதிக்கும் தூரத்தில் நின்று, லென்ஸை வலையின் ஓட்டை வழியே பார்க்கும்படி வையுங்கள். பிறகு திருத்துவதைவிட எடுக்கும்போதே தப்பிப்பது மேல்.

*

அமிர்தி அருவியைக் காமிக்ஸாக மாற்றிப் பார்த்தால் வெள்ளைத் துணி தொங்குவதுபோல் இருக்கும். கைதேர்ந்த ஓவியர் நாலைந்து கோட்டில் தண்ணீரை விழவைத்துவிடுவார். எதை விடுவது என்று அவருக்குத் தெரியும். இந்த இடத்தில் ஃபில்டரை நம்பாமல் பிரஷ்ஷைக் கையில் எடுப்பதே நல்லது.

*

காமிக்ஸ் என்றதும் வண்ணப் புள்ளிகள் ஞாபகம் வருகிறதா? 1879-இல் பெஞ்சமின் டே என்ற அமெரிக்கர் கொண்டுவந்த அச்சு உத்தி அது. ராய் லிச்சன்ஸ்டைன் அதையே 1960-களில் பெரிய கேன்வாஸில் ஓவியமாக்கினார். போட்டோஷாப்பின் ‘கலர் ஹாஃப்டோன்’ இன்று நொடியில் போட்டுத் தருகிறது. ஆனால் சிவகாசியின் முத்து காமிக்ஸில் 1972-இல் வந்த ‘இரும்புக்கை மாயாவி’யிலிருந்து படித்து வளர்ந்தவர்களுக்கு, காமிக்ஸ் என்றால் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். அந்த வாசனை வேண்டுமா? நிறத்தை எடுத்துவிட்டு ‘திரெஷோல்டு’ போடுங்கள். என் ஓட்டு இதற்கே.

*

ஜவ்வாது மலைக்குத் தெற்கே, செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் கிடைத்த பல்லவர் கால நடுகல்லில் வீரன் கருந்தேவக்கத்தியும் அவன் நாய் கோவிவனும் இருக்கிறார்கள். நாய் திருடர் இருவரைக் கடித்த செய்தி பக்கத்திலேயே எழுத்தில்! காமிக்ஸ்போலவே படமும் வாசகமும் ஒரே கட்டத்தில், மகேந்திரவர்மன் காலத்திலேயே.

*

ஓவியப் பாணியைப் போட்டோவுக்கு ஏற்றக் கணினிக்குக் கற்றுத்தந்த ஆய்வு 2015-இல் ஜெர்மனியின் டூபிங்கனில் வெளியானது. மறு வருடமே அந்த வேலையைச் செய்யும் பிரிஸ்மா செயலி வந்தது. 2025 மார்ச்சில் ஊரார் போட்டோக்களெல்லாம் ‘கிப்லி’ அனிமேஷன் பாணிக்கு மாறின.

*

கடைசி வேலை, பேச்சுக் குமிழி. பழைய போட்டோஷாப் பதிப்புகளில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பும் காலும் தனித்தனியே சிதறுகிறதா? பிரிஃபரன்ஸஸில் ‘டைப்’ பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு யூனிகோடு எழுத்துருவில் அடியுங்கள். குமிழியைக் கொஞ்சம் அகலமாகவே வரையுங்கள். நம் மான் “போய்க்கொண்டிருக்கிறேன்” என்று சொன்னாலே ஒரு வரி நிறைந்துவிடும்.