பொறி தட்டும் வேளை

மலைப் பாதையில் கார் ஏறிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஐந்து பேர். பின்னால் பெட்டி படுக்கைகள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும், தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினாற்போல் எஞ்சினிலிருந்து ஒரு சத்தம் கிளம்புகிறது. "ஏற்றமல்லவா, அப்படித்தான் இருக்கும்" என்று பக்கத்திலிருப்பவர் சமாதானம் சொல்வார். நம்பிவிடாதீர்கள், சகோதரிகளே! அதுவும் டர்போ பொருத்திய பெட்ரோல் வண்டியானால் நம்பவே கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். குழந்தையை ஊஞ்சலில் வைத்து ஆட்டியிருப்பீர்கள். ஊஞ்சல் நம் பக்கம் வந்து, நின்று, திரும்புகிற சமயம் லேசாகத் தள்ளினாலே போதும். வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால் நம் மணிக்கட்டுத்தான் நோகும்.

எஞ்சினும் அப்படியே. பிஸ்டன் மேலே ஏறி, பெட்ரோல் கலந்த காற்றை நெருக்குகிறது. ஸ்பார்க் பிளக்கில் பொறி தட்டுகிறது. கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. ஆனால் தீ பரவவும் சிறிது நேரம் பிடிக்குமே! நிமிஷத்துக்கு 3,000 சுற்று வேகத்தில், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமே விநாடியில் 50-ல் ஒரு பங்குதான். ஆகவே பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பே பொறி தட்டியாக வேண்டும். எத்தனை டிகிரி முன்னால் என்ற கணக்கைத்தான் மெக்கானிக்குகள் 'டைமிங்' என்கிறார்கள்.

டர்போ வந்ததும் இந்தக் கணக்கு சிக்கலாகிறது. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் ஒரு சிறு சக்கரம், காற்றை நெருக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டலாம்; பலமும் கூடும். ஆனால் நெருக்கிய காற்று சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்தபின் பம்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். பொறி அளவுக்கு மீறி முந்திவிட்டால், இந்தச் சூட்டில், தீ வந்து சேருமுன்பே மூலையிலுள்ள கலவை தானாக வெடிக்கிறது. அந்த அடிதான் நாம் கேட்ட சத்தம். அது நீடித்தால் பிஸ்டனே உடைந்துபோகலாம்.

பொறியைத் தாமதித்தால் வெடி அடங்கும். ஆனால் ரொம்பவும் தாமதித்தால் பலம் குறையும். புகையின் சூடு ஏறி டர்போவையே வாட்டும். முந்தினாலும் ஆபத்து, பிந்தினாலும் நஷ்டம்!

1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் கம்பெனி 'ஜெட்ஃபயர்' என்ற டர்போ காரை விற்றது. வெடியை அடக்க, தண்ணீரும் மெதனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குள் பீய்ச்சினார்கள். தொட்டி வற்றினால் டர்போவின் அழுத்தம் தானே தணிந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பலர் தொட்டியை நிரப்ப மறந்துவிட்டு, "காரில் பலமில்லை" என்று குறைப்பட்டார்கள்! 1963-உடன் அந்தக் கார் நின்றுபோயிற்று.

மனிதரின் ஞாபகசக்தியை நம்பிப் பயனில்லை என்று கண்டு, எஞ்சினுக்கே ஒரு காதை வைத்தார்கள். 1978 மாடல் ப்யூயிக் டர்போ காரில், வெடியின் அதிர்வைக் கேட்டதும் பொறியைத் தாமதிக்கும் கருவி இருந்தது. ஸ்வீடன் நாட்டு ஸாப் கம்பெனி சில வருஷங்களில், வெடி கேட்டதும் டர்போவின் அழுத்தத்தையே குறைக்கும் ஏற்பாட்டைச் செய்தது. இன்றைய கார்களில் இரண்டையும் கம்ப்யூட்டர் கவனிக்கிறது. வெடி கேட்டால் சில டிகிரி பின்வாங்கும்; பிறகு மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு வரும்.

அப்படியானால் நமக்கென்ன கவலை? அந்தக் காதையும் மீறி உங்கள் காதில் சத்தம் விழுகிறதென்றால், கருவி கெட்டிருக்கலாம், பெட்ரோல் சரியில்லாமலிருக்கலாம், அல்லது யாராவது கணக்கை மாற்றியிருக்கலாம். "கம்ப்யூட்டரில் ட்யூன் செய்தால் வண்டி பறக்கும்" என்று ஆசை காட்டுகிறவர்கள் உண்டு. டர்போவின் அழுத்தத்தைக் கூட்டி, பொறியையும் முந்த வைப்பார்கள். கம்பெனிக்காரர்கள் சித்திரை வெயிலுக்கும், மட்டமான பெட்ரோலுக்கும், மலையேற்றத்துக்கும் என்று கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். அது அஞ்சறைப் பெட்டியில் நீங்கள் ஒளித்து வைக்கும் பணம் மாதிரி. உல்லாசத்துக்காக அதை எடுத்துச் செலவழித்துவிட்டால், அவசரத்துக்கு எங்கே போவது?

எனவே, கையேட்டில் குறித்துள்ள ஆக்டேன் எண்ணுக்குக் குறையாத பெட்ரோலையே போடுங்கள். ஏற்றத்தில் உயர்ந்த கியரில் வண்டியைத் திணறவிடாமல், கீழ் கியருக்கு மாற்றச் சொல்லுங்கள். சத்தம் கேட்டால் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்துங்கள். மீண்டும் மீண்டும் கேட்டால் நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஓட்டுவது நீங்களானால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஓட்டுவது உங்கள் வீட்டுக்காரரானால், பக்கத்திலிருந்து, "கொஞ்சம் காலைத் தளர்த்துங்கள்!" என்று தைரியமாகச் சொல்லுங்கள். முதலில் முறைப்பார். மெக்கானிக்கின் பில் வராமல் தப்பியது தெரிந்தால், பிறகு சிரிப்பார்!