எண்பதாவது வயதுக்கு எந்த நாடு?

பணி ஓய்வை நெருங்கும் வாடிக்கையாளர்கள் எங்கள் கிளைகளில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, “ஓய்வுக்காலத்தை வெளிநாட்டில் கழிக்க விரும்புகிறோம், எந்த நாடு ஏற்றது?” என்பதாகும். பிள்ளைகள் கடல் கடந்து குடியேறிவிட்டதால் கேட்பவர்கள் உண்டு. சுற்றுலாவாகச் சென்ற இடத்தில் மனம் ஒன்றித் திரும்பியவர்களும் உண்டு. இவர்களது மனக்கண்ணில் நிற்பது பெரும்பாலும் அறுபது வயதின் காட்சி: நல்ல உடல்நலம், அருகில் துணைவர், அமைதியான ஒரு கடற்கரை. ஆனால் அங்கே வாழப்போகும் காலம் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாக நீளக்கூடும். எனவே, எண்பதாவது வயதை மனத்தில் இருத்தி நாட்டைத் தேர்ந்தெடுப்பதே முறை என்பது எங்கள் கருத்து. அதற்கு உதவும் சில அளவுகோல்களை இங்கே விளக்குகிறோம்.

தங்கும் உரிமை

எல்லா நாடுகளும் ஓய்வு பெற்றோரை வரவேற்பதில்லை. அமெரிக்காவில் ஓய்வுக்கால விசா என்று ஒன்று இல்லை. பிரிட்டன் தன்னிடமிருந்த அத்தகைய விசாப் பிரிவை 2008-ஆம் ஆண்டில் மூடிவிட்டது. கனடாவில் குடியேறிய பிள்ளைகளின் பெற்றோருக்கு ‘சூப்பர் விசா’ கிடைக்கிறது. அதைக் கொண்டு ஒரு வருகையில் ஐந்தாண்டுகள் வரை தங்கலாம். எனினும் அது வருகையாளருக்கான அனுமதியேயன்றி நிரந்தரக் குடியுரிமை ஆகாது.

ஓய்வு பெற்றோருக்கெனத் தனி வழி வகுத்துள்ள நாடுகளும் உள்ளன. தாய்லாந்து, 50 வயது நிறைந்தவர்களிடம் வங்கியில் 8,00,000 பாட் இருப்பை அல்லது மாதம் 65,000 பாட் வருமானத்தைக் கேட்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் 55 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஐந்தாண்டு விசா அளிக்கிறது. பத்து லட்சம் திர்ஹம் மதிப்புள்ள சொத்து அல்லது அதே அளவு சேமிப்பு, அதற்கான தகுதிகளுள் அடங்கும். இவ்வனுமதிகள் யாவும் குறிப்பிட்ட காலத்துக்கு உரியவை. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் தகுதியை மீண்டும் மெய்ப்பிக்க வேண்டும்.

விதிகளும் நிலையானவை அல்ல. மலேசியா 2002-இல் தொடங்கிய ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ திட்டத்தில், மாதம் 10,000 ரிங்கிட்டாக இருந்த வருமான வரம்பு 2021-இல் 40,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. 2024-இல் திட்டம் மீண்டும் மாற்றியமைக்கப்பட்டு, வைப்புத் தொகையும் வீடு வாங்கும் கட்டாயமும் முதன்மை பெற்றன. போர்ச்சுகல் 2009-இல் அறிமுகப்படுத்திய வரிச் சலுகைத் திட்டம், 2024 முதல் புதிதாக வருவோருக்கு மூடப்பட்டது. ஆதலால், இன்றைய சலுகை ஒன்றையே நம்பி ஒரு நாட்டைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானதன்று.

ரூபாயில் வருமானம், அயல்பணத்தில் செலவு

ஓய்வூதியமும் வைப்புகளின் வட்டியும் ரூபாயில் வருபவை. வாடகையும் மருந்தும் அயல்நாட்டுப் பணத்தில் செலுத்தப்படுபவை. 2010-இல் ஏறத்தாழ 45 ரூபாயாக இருந்த ஒரு டாலர், 2023-இல் 82 ரூபாயைத் தாண்டியது. மாதம் 90,000 ரூபாய் பெற்ற ஒருவரின் கையில் 2010-இல் 2,000 டாலர் இருந்திருக்கும்; அதே தொகை 2023-இல் 1,100 டாலருக்கும் குறைவு.

தாய்லாந்தின் 65,000 பாட் வரம்பையே எடுத்துக்கொள்வோம். 2010-இல் அது ஒரு லட்சம் ரூபாய்க்குள் அடங்கியது. 2023-இல் அதே வரம்பை எட்ட ஒன்றரை லட்சம் ரூபாய் தேவைப்பட்டது. அயல்நாட்டு விதி மாறாதபோதும், ரூபாயின் மதிப்பு குறைந்ததால் தகுதியை எட்டுவது கடினமாயிற்று. டாலருடன் நிலையாகப் பிணைக்கப்பட்ட திர்ஹமுக்கும் இது பொருந்தும். நேபாளம் ஒரு விதிவிலக்கு. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியர் அங்கே விசாவின்றி வாழலாம். அந்நாட்டு ரூபாயும் 1993 முதல் ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 என்ற விகிதத்தில் நிலைநிறுத்தப்பட்டுள்ளது. வேறு நாடு செல்வோர், இன்றைய செலவை மட்டும் கணக்கிடாமல், ரூபாயின் மதிப்பு பாதியளவு குறைந்தாலும் தாங்க முடியுமா என்றும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

மருத்துவம்

எழுபது வயதுக்குப் பின் இதுவே மிகப் பெரிய செலவாகிறது. கனடாவின் சூப்பர் விசாவுக்கு, குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலர் மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். அமெரிக்காவில் நிரந்தரக் குடியுரிமை பெற்ற பெற்றோரும், 65 வயது நிறைந்து, ஐந்தாண்டுகள் தொடர்ந்து வசித்த பின்னரே ‘மெடிக்கேர்’ காப்பீட்டைக் கட்டணம் செலுத்திப் பெற இயலும்.

இந்தியாவில் எடுத்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் இந்தியாவில் பெறும் சிகிச்சைக்கே பொருந்தும். அயல்நாடு செல்கிறோமே என்று அதனைக் கைவிட்டுவிட வேண்டாம். முதிய வயதில் திரும்பி வந்து புதிய காப்பீடு எடுக்க முற்பட்டால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மறுபடியும் தொடங்கும்.

தனித்து விடப்படும் துணைவர்

திட்டமிடுகையில் பலரும் பேசத் தயங்கும் பகுதி இது. தம்பதியர் இருவருள் ஒருவர் பெயரிலேயே விசா பெறப்பட்டு, மற்றவர் அவரைச் சார்ந்தவராகச் செல்வது வழக்கம். முதன்மை விண்ணப்பதாரர் மறைந்தால், அவரைச் சார்ந்து பெற்ற அனுமதியும் கேள்விக்குள்ளாகிறது. துயரம் ஆறுவதற்கு முன்பே, மற்றவர் தம் சொந்தத் தகுதியை நிறுவ வேண்டிய நிலை எழலாம்.

அப்போது வருமானமும் குறைந்திருக்கும். மத்திய அரசின் பழைய ஓய்வூதியத் திட்டத்தில், ஓய்வூதியம் இறுதி ஊதியத்தில் 50 விழுக்காடு. குடும்ப ஓய்வூதியம் சாதாரண விகிதத்தில் 30 விழுக்காடு. அதாவது, 1,00,000 ரூபாய் வந்த இடத்தில் 60,000 ரூபாயே வரும். வீட்டு வாடகையோ அந்த அளவுக்குக் குறையப் போவதில்லை. எனவே, விண்ணப்பிக்கும் முன்பே மூன்று ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுமாறு பரிந்துரைக்கிறோம். துணைவர் பெயரிலும் போதிய வைப்பு இருக்கட்டும். இந்தியாவிலுள்ள கணக்குகள் அனைத்திலும் நியமனதாரர் பதிவு செய்யப்பட்டிருக்கட்டும். இந்தியச் சொத்துகளுக்கு இங்கேயே ஓர் உயில் எழுதப்பட்டிருக்கட்டும்.

வங்கிக் கணக்குகளில் நேரும் மாற்றங்கள்

இந்தியாவில் வசிக்கும் ஒருவர், தாராளமயமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். கல்வி, மருத்துவம், சுற்றுலாத் தொகுப்பு போன்றவற்றுக்குத் தனி விகிதங்கள் உண்டு. பிற நோக்கங்களுக்கு அனுப்பும் தொகை ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைக் கடந்தால், கூடுதல் தொகைக்கு 20 விழுக்காடு வரி முன்கூட்டியே வசூலிக்கப்படும். விசாத் தகுதிக்காக 25 லட்சம் ரூபாய் அனுப்புபவரிடம் 3 லட்சம் ரூபாய் பெறப்படும். வருமான வரிக் கணக்கில் இதனை ஈடுசெய்துகொள்ளலாம். எனினும் அதுவரை அத்தொகை உங்கள் கையில் இராது.

காலவரையின்றித் தங்கும் நோக்கத்துடன் வெளிநாடு செல்பவர், அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி வெளிநாடு வாழ் இந்தியர் ஆகிறார். அவரது சேமிப்புக் கணக்கு என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றப்பட வேண்டும். அதிலிருந்து, உரிய வரிகளைச் செலுத்திய பின், ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் டாலர் வரை வெளியே அனுப்ப இயலும். அக்கணக்கின் வட்டியில் 30 விழுக்காடும் அதற்குரிய மேல்வரியும் பிடித்தம் செய்யப்படும். வரிப் பிடித்தம் வேண்டாமென மூத்த குடிமக்கள் அளிக்கும் உறுதிமொழிப் படிவத்தை அவர் அளிக்க இயலாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அவர் புதிய கணக்கைத் தொடங்கவும் இயலாது. செல்லும் நாட்டுடன் இந்தியா இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தம் செய்துள்ளதா என்று பார்ப்பது நலம். மேற்சொன்ன தாய்லாந்து, மலேசியா, அமீரகம், போர்ச்சுகல் ஆகியவற்றுடன் அத்தகைய ஒப்பந்தம் உள்ளது.

அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய வாழ்நாள் சான்றிதழை, வெளிநாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் வாயிலாகவும் பெற்று அளிக்கலாம். அதனைத் தவறவிட்டால் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படும்.

திரும்பும் வழி

எவ்வளவு நன்கு ஆராய்ந்து சென்றாலும், ஒரு நாள் திரும்பி வர நேரலாம். வெளிநாட்டில் தங்கும் அனுமதி பெறுவதால் இந்தியக் குடியுரிமை போய்விடுவதில்லை. பிற நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றால் மட்டுமே அது நீங்கும். நிரந்தரமாகத் திரும்பி வருவோர், வெளிநாட்டில் சேர்த்த பணத்தை ஆர்.எஃப்.சி. கணக்கில் அயல்நாட்டு நாணயமாகவே வைத்துக்கொள்ளலாம். சட்டமும் வங்கி நடைமுறையும் உங்களுக்காக வாசலைத் திறந்தே வைத்திருக்கின்றன. வந்து தங்க ஒரு வீடு இருக்கிறதா என்பதே கேள்வி.

ஆகவே, சொந்த வீட்டை விற்றுவிட்டுப் புறப்படாதீர்கள். முதலில் வாடகைக்கு இடம் பார்த்துச் சில மாதங்கள் வாழ்ந்து பாருங்கள்; சுற்றுலாவுக்கு ஏற்ற பருவத்தில் மட்டுமின்றி, கடுமையான பருவத்திலும் வாழ்ந்து பாருங்கள். குளிர்காலத்தில் இனிமையாக இருக்கும் வட தாய்லாந்தின் சியாங் மாய் நகரை, மார்ச் மாத வாக்கில் எரிபுகை சூழ்ந்துகொள்கிறது. மூச்சுத் தொல்லை உள்ளவர்களுக்கு அது தாங்கக் கூடியதன்று. அருகிலுள்ள மருத்துவமனைக்கு ஒருமுறை சென்று வாருங்கள். உங்கள் துணைவர் தனியாகச் சென்று மருந்து வாங்கவும், வங்கியில் பணம் எடுக்கவும் இயலுகிறதா என்று பாருங்கள்.

அது இயலுமாயின், அந்த நாட்டைப் பற்றி மேற்கொண்டு பேசலாம். இருவருமாக எங்கள் கிளைக்கு வாருங்கள். கணக்குகளை இருவர் முன்னிலையிலும் விளக்கக் காத்திருக்கிறோம்.