யுகாந்த வியாபாரிகள் - 9: வாக்குமூலத்தின் விலை

ஃபுஜி மலையடிவாரத்துக் காமிகுயிஷிகி கிராமத்தில் ‘சத்தியம்’ என்ற பெயரை எண்ணிட்டுத் தாங்கி நின்ற கட்டடங்களையும், அவற்றுள் ஏழாவதில் ஸரின் என்னும் விஷத்தைத் தயாரிக்க ஓம் ஷின்ரிக்கியோ கூட்டத்தார் செய்த ஏற்பாடுகளையும் சென்ற வாரம் பார்த்தோம். அந்த விஷத்தை ரயிலேற்றியவர்களை நீதி எந்தத் தராசில் நிறுத்தது என்பதே இந்த வாரத்து விஷயம்.

1995 மார்ச் 20 காலையில், சர்க்கார் காரியாலயங்கள் நெருங்கிய கசுமிகசெகி நிலையத்தை நோக்கிச் சென்ற ஐந்து சுரங்க ரயில்களில் ஐந்து சீடர்கள் ஏறினார்கள். அவர்களில் ஒருவரான இக்குவோ ஹயாஷி, கெய்யோ சர்வகலாசாலையில் பயின்று, இருதய சஸ்திர சிகிச்சையில் தேர்ந்து, எத்தனையோ உயிர்களை மீட்ட கையை உடையவர். அந்தக் கையினாலேயே அவர் செய்தித்தாளில் சுற்றிய பிளாஸ்டிக் பையைக் காலடியில் நழுவவிட்டு, கூராகச் சீவிய குடை நுனியால் அதைக் குத்திவிட்டு, ஷின்-ஒச்சானோமிசு நிலையத்தில் இறங்கிப் போனார். கசுமிகசெகியில் நிலைய ஊழியர்கள், வண்டி தாமதமாகக் கூடாதே என்ற கடமையுணர்ச்சி ஒன்றையே துணையாகக் கொண்டு, ஒழுகிக் கிடந்த அந்தப் பொட்டலத்தைத் தங்கள் கையாலேயே அப்புறப்படுத்தினார்கள். அவர்களில் இருவர் மாண்டனர். ஐந்து ரயில்களிலும் சேர்த்து மாண்டவர் பதின்மூவர். இருபத்தைந்து ஆண்டுகள் படுக்கையில் கிடந்து 2020-இல் இறந்த பெண்மணியையும் கூட்டினால் பதினால்வர். பாதிக்கப்பட்டோர் ஆறாயிரத்துக்கும் மேல்.

ஏப்ரலில் ஹயாஷி பிடிபட்டது ஒரு சைக்கிள் திருட்டு வழக்கில் என்பதை எண்ணினால், விதியின் பரிகாசம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. விஷம் வைத்தவர் அவர் என்று போலீஸார் அறியுமுன் அவரே வாய் திறந்து, கூடச் சென்றவர்கள் யார், ஏவியவர் யார் என்று சகலத்தையும் ஒப்புவித்தார். அந்த வாக்குமூலத்தை மதித்துப் பிராசிக்யூஷன் தரப்பே மரண தண்டனை கோராமல் விட, 1998-இல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

இங்கேதான் மனம் தயங்குகிறது. மசாத்தோ யோகோயாமா என்ற இன்னொரு சீடர் விஷம் வைத்த ரயிலில் ஓர் உயிர்கூடப் போகவில்லை; ஆயினும், சதியில் கலந்தவன் அதன் விளைவு முழுமைக்கும் பொறுப்பாளி என்ற நியாயப்படி அவருக்குத் தூக்கு. கசுவாகி ஒகாசாகியின் கதை அதனினும் விசித்திரமானது. கூட்டத்தாரை எதிர்த்த வக்கீல் சகமோட்டோவையும், அவர் மனைவியையும், ஒரு வயதே நிரம்பிய குழந்தையையும் 1989 நவம்பரில் கொன்றவர்களுள் ஒருவரான அவர், பின்னர் கூட்டத்தைவிட்டு ஓடி, குழந்தையைப் புதைத்த இடத்தின் படத்தைப் பெயரில்லாமல் அனுப்பிவைத்துக் குருவிடம் பணம் பறிக்கவும் பார்த்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அவர் தாமாகவே குற்றத்தை ஒப்புக்கொண்டதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அது மனம் நொந்து வந்ததன்று, தன்னைக் காத்துக்கொள்ள வந்தது என்று கண்டு மரண தண்டனையே விதித்தது. மனத்தின் உள்ளறையை எட்டிப் பார்த்துத் தீர்ப்பெழுதும் இந்த முறையில் எனக்குப் பூரண சம்மதம் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்பவனுக்குச் சட்டம் எந்தச் சலுகையும் தராதென்றால் இத்தகைய இரகசியக் கூட்டங்களின் கதவு ஒருநாளும் திறக்காது என்பதையும் மறுக்க முடியவில்லை.

குரு ஷோகோ அசஹாராவோ, ‘சத்தியம்’ ஆறாம் கட்டடத்தின் இரகசிய அறையிலிருந்து மே 16 அன்று இழுத்துவரப்பட்டவர், விசாரணையின் தொடக்கத்தில் சிறிது பேசிப் பிறகு முணுமுணுப்பில் இறங்கி, கடைசியில் மௌனியானார். கொலையுண்டவனுக்குக் கொலையே நற்கதி என்று சீடர்களுக்குப் போதித்த மனிதர், நீதிபதியின் முன் அந்தப் போதனைக்குக்கூட வாதாட முன்வரவில்லை. 2004 பிப்ரவரியில் மரண தண்டனை. மேன்முறையீட்டுக் காரணங்களைக் கெடுவுக்குள் அவருடைய வக்கீல்கள் தாக்கல் செய்யாததால், அந்த மாபெரும் வழக்கு மேல் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படாமலேயே 2006-இல் முடிந்தது.

2018 ஜூலை 6 அன்று அசஹாரா உட்பட எழுவரும், அதே மாதம் 26 அன்று யோகோயாமா, ஒகாசாகி உட்பட அறுவரும் தூக்கிலிடப்பட்டனர். ரயிலில் விஷம் வைத்த ஐவரில் தூக்குக்குத் தப்பியவர் ஹயாஷி ஒருவரே. குரு போன பின்னும் ‘ஆலெஃப்’ என்ற புதுப்பெயரில் தொடரும் கூட்டத்தைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.